பத்துக்கு எட்டு போர்டும் நாப்பது நிமிஷப் பாடமும்

பிளக்ஸ் கடைக்காரன் பொழப்புல ஒரு கஷ்டம் உண்டு. ஊர்ல யாரு பெறந்தாலும், யாரு செத்தாலும், யாரு வீட்ல என்ன நடந்தாலும், அதை நாலு வாட்டி எழுத்துப்பிழை பாத்துட்டுத்தான் நாம சாப்பிடப் போவணும்.

எனக்குக் கடை கோவில்பட்டியில. பகல்ல தீப்பெட்டி ஆபீஸ் வேலை, பொழுது சாஞ்சா ராத்திரிப் பள்ளிக்கூடம்னு பத்தாங்கிளாஸ் முடிச்சவன் நான். அங்கன சயின்ஸ் எடுத்த சாரு, இனப்பெருக்கம்னு ஒரு பாடம் வந்ததும், "இதை வீட்ல படிச்சுக்கிடுங்க"ன்னு பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிட்டாரு. அந்தக் கிளாஸ்ல உக்காந்திருந்தது பூரா மீசை வச்ச ஆளுவ. ரெண்டு பிள்ளை பெத்தவருகூட ஒருத்தர் இருந்தாரு. எங்களுக்கே மனசு தாங்காதுன்னு சாரு நெனச்சிருக்காரு.

இந்த வருஷம் எங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல இதே பேச்சு பெருசா ஓடுனது. எட்டாங்கிளாஸ் பிள்ளையளுக்கு உடம்பைப் பத்திச் சொல்லிக்குடுக்கலாமா, அதுவளுக்கு மனசு தயாரா இருக்கான்னு. பேசுனவிய பாதிப் பேரு என் கஸ்டமரு. என்னைய மாதிரி போர்டு அடிக்கவிய, பத்திரிகை அடிக்கவிய, விசேஷ வீட்டுக்குப் பந்தல் போடுதவிய, கஸ்டமருங்குதுக்காக வாய மூடிக்கிட்டு நிக்க எல்லாரும் இதைப் படிங்க. சேந்து வயிறெரிவோம்.

தலை ஒருத்திது, சேலை இன்னொருத்திது

பெருமாள் அண்ணாச்சி விளாத்திகுளம் ரோட்டுல ஒரு ஊர்ல சம்சாரி. மிளகாயும் பருத்தியும் போடுதவரு. மக பள்ளிக்கூடத்துல பெற்றோர் சங்கத்துலயும் இருக்காரு. நல்ல மனுஷன், அதையும் சொல்லிருதேன். தை மாசம் அவரும் அவரு மச்சினன் முருகேசனும் கடைக்கு வந்தாவ. அண்ணாச்சி மக தேவி சமைஞ்சிட்டா, சடங்கு வைக்கணும், போர்டு வேணும். தேவிங்குது நான் வச்ச பேரு. அவ நெசப் பேரை ஒரு அடி உசர எழுத்துல ரோட்டுல நிப்பாட்டுனவன் இப்ப மறைச்சுச் சொல்லுதேன். தாமதமாத்தான் புத்தி வருது, என்ன செய்ய.

பத்துக்கு எட்டு சைஸ். மேல சாமி படம், ரெண்டு ஓரமும் சொந்தக்காரவிய பதினாலு மூஞ்சி, வலதுபக்கம் தாய்மாமன் முருகேசன் கறுப்புக் கண்ணாடியோட, கீழ "வருக வருக". நடுவுல தேவி. அவ போட்டோன்னு குடுத்தது பள்ளிக்கூட ஐடி கார்டு. ரெட்டைச் சடை, ரிப்பன், கண்ணுல தூக்கம். இந்தத் தொழில்ல இருக்கவியளுக்குத் தெரியும், பட்டுச்சேலை, நகை எல்லாம் போட்ட உடம்பு ஒண்ணு கம்ப்யூட்டர்ல ரெடியா கெடக்கும். கழுத்துக்கு மேல நம்ம பிள்ளைய ஒட்டணும், அவ்வளவுதான். என் கடை ஆப்பரேட்டர் ஜெயா ஒட்டிக் காட்டினா. பதிமூணு வயசுத் தலை, இருவத்தஞ்சு வயசுச் சேலை. எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருந்தது. "ரிப்பன் தெரியுதே, பள்ளிக்கூட டிரஸ்லயே சின்னதா வட்டத்துக்குள்ள போட்டிருவமா?"ன்னு கேட்டேன்.

முருகேசன் ஸ்க்ரீன் பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்துட்டு எங்கிட்டச் சொன்னான்: "ரிப்பனை அழிச்சிருங்க அண்ணாச்சி. எட்டாங்கிளாஸ் பிள்ளைன்னு தெரியக்கூடாது, பெரிய மனுஷின்னு தெரியணும்."

மூடை தூக்குன பிள்ளை

மறுநாளு தேவியும் அவ அம்மாவும் வந்தாவ. ஐடி கார்டு படம் பெருசாக்கினா புள்ளி புள்ளியா ஒடையுது, புதுசா ஒண்ணு எடுக்கணும்னு நான்தான் வரச்சொல்லியிருந்தேன். படம் எடுத்து முடிஞ்சதும் அவ அம்மாவுக்கு டெய்லர்ட்ட இருந்து போன் வந்தது. வாசல்ல நின்னு பேசுனாவ. தேவி உள்ள ஜெயா பக்கத்துல உக்காந்து, கம்ப்யூட்டர்ல சேலை கட்டி நின்ன அவளையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் கதவுக்கு அந்தப் பக்கம் மிஷினுக்கு ரோல் மாத்திக்கிட்டு இருந்தேன். ஆம்பளை யாருமில்லன்னு நெனச்சிருப்பா போல, மெதுவாப் பேச ஆரம்பிச்சா.

அவளுக்கு அன்னைக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அதுக்கு மொத நாளு மிளகா வத்தல் மூடை தூக்கி வச்சிருக்கா. அதுல வயித்துக்குள்ள ஏதோ அறுந்துட்டுன்னு நெனச்சிருக்கா. அப்பா வைவாவன்னு பயந்து ரெண்டு நாளு யாருட்டயும் சொல்லல. கணக்கு நோட்டுல, 'நான் செத்துட்டா என் சைக்கிளைத் தங்கச்சிக்குக் குடுங்க'ன்னு எழுதி வச்சிருக்கா. மூணாம் நாளு அம்மா கண்டுபிடிச்சதும் வீட்ல கொலவை போட்டாவளாம், மாமாவுக்குப் போன் போச்சாம், தனியா உக்கார வச்சாவளாம். செத்துப்போவேன்னு நெனச்ச பிள்ளைக்கு முன்னால எல்லாரும் சிரிக்காவ. ஜெயா, "அது நோவு இல்லடா, எல்லாருக்கும் வாரதுதான்"ன்னு ஆரம்பிச்சா. ஆரம்பிச்சவளுக்கு மேல சொல்லத் தெரியல. அவளும் நம்ம ஊர்ல படிச்சவதான, அவ புத்தகத்துலயும் அந்தப் பக்கத்தைத் தள்ளியிருப்பாவ.

தேவி ஸ்க்ரீனைக் காட்டிக் கேட்டா: "ஊருக்கே சொல்லப் போறாவ அக்கா. எனக்கு என்னன்னு எங்கிட்ட மட்டும் யாருமே சொல்லலியே."

அவ அம்மா போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாவ. டெய்லர் அந்தப் பக்கம் கத்துதது எனக்கே கேட்டது, அவிய மகளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாவ.

அடிக்க அடிக்கக் கொறைஞ்ச பேனர்

சடங்கு நடந்து முடிஞ்சது. போர்டை முருகேசன், பள்ளிக்கூட பஸ் நிக்க ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல நட்டுட்டான். அந்தப் பள்ளிக்கூடத்துல கலா டீச்சர்னு சயின்ஸ் டீச்சர். அவியளும் ஒரு பேனருக்கு வந்தாவ. நாலுக்கு ரெண்டு சைஸ்தான். அரசு ஆஸ்பத்திரியில இருந்து டாக்டரம்மா வாராவ, எட்டாங்கிளாஸுக்கு நாப்பது நிமிஷம் பேசப்போறாவ, பொம்பளப் பிள்ளையளுக்குத் தனியா, பயலுவளுக்குத் தனியா. அதுக்கு முன்னால, தீப்பெட்டி பண்டல் வார அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு வச்சு, பேரு எழுதாம கேள்வி போடச் சொல்லியிருக்காவ. பெட்டி ரொம்பிட்டாம். "குரல் ஒடஞ்சா ஒட்ட வைக்க மருந்து உண்டா?"ன்னு ஒரு சீட்டு. "பொம்பளப் பிள்ளைக்கு மட்டும் போர்டு வைக்காவ, மீசை வந்தா எங்களுக்கு ஏன் வைக்க மாட்டுக்காவ?"ன்னு ஒரு சீட்டு. அதுவரைக்கும் சிரிச்சேன். அடுத்த சீட்டுல, "போர்டு வச்ச பிள்ளை பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு எங்க அம்மா சொல்லுதா, அவளுக்குத் தொத்து வியாதியா?"ன்னு இருந்தது. எந்தப் போர்டுன்னு எனக்குத் தெரியும்.

பேனருக்கு டீச்சர் எழுதிட்டு வந்தது, 'மாதவிடாயும் உடல் பாதுகாப்பும்'. டிசைன் போட்டு ஹெட்மாஸ்டருக்கு அனுப்பினோம். போன் போட்டு மொத வார்த்தைய எடுக்கச் சொன்னாரு. எடுத்தோம். பெறகு 'பாதுகாப்பு'ன்னா ஏதோ நடந்த மாதிரி இருக்கு, அதையும் எடுங்கன்னாரு. பெறகு 'உடல்'ங்குததே ஒரு மாதிரியா இருக்குன்னுட்டாரு. கடைசியில 'நலம் பற்றிய நல்லுரை'ன்னு அடிச்சோம். சளிக்கும் வச்சுக்கலாம், சக்கரைக்கும் வச்சுக்கலாம்.

டீச்சர் அவசரமா எந்திரிச்சாவ: "சீக்கிரம் வந்து கெட்டிருங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு போன் வந்தா வெள்ளைத் துணியைத்தான் கெட்டணும்."

ஏணியில நின்னு கேட்டது

பேனரைக் கெட்ட நானே போனேன். ஹால்ல ஏணி போட்டு ஏறி நிக்கேன், கீழ பெற்றோர் கூட்டம் ஆரம்பிச்சிட்டு. எறங்க முடியல, எறங்கினா ஏணி சத்தம் போடும். அதனால முழுசும் மேல இருந்தே கேட்டேன். ஒரு அம்மா எந்திரிச்சு, "மூணாங்கிளாஸ் பிள்ளைட்டயும் எல்லாத்தையும் சொல்லிருவீங்களா?"ன்னு கேட்டாவ. நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. டீச்சர் பொறுமையாச் சொன்னாவ, "சின்னதுவளுக்கு, ஒன் உடம்பு ஒன்னுது, யாரும் தொடுதது பிடிக்கலன்னா வீட்ல வந்து சொல்லு, அவ்வளவுதான். வயசுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொல்லுவோம்." அந்த அம்மா சரின்னு உக்காந்துட்டாவ. அந்த இடத்துலயே கூட்டம் முடிஞ்சிருக்கணும்.

பெருமாள் அண்ணாச்சி எந்திரிச்சாரு. "பிஞ்சு மனசு. இதையெல்லாம் கேட்டாத் தாங்குமா? எம் மவ இன்னும் பொம்மைக்குச் சட்டை தைச்சுக்கிட்டு இருக்கா. அவட்டப் போயி இதைப் பேசலாமா?" கை தட்டுனாவ. கையில மட்டும் கயிறு இல்லன்னா ஏணியில நின்னே நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அந்தப் பொம்மைக்குச் சட்டை தைக்க பிள்ளைக்கு நான்தான் சேலை கட்டினேன், அவருதான் கட்டச் சொன்னாரு, அவ மச்சான் மாமன் பதினாலு பேரு சுத்தி நின்னு பாத்தாவ. அப்ப மனசு எங்க இருந்தது? யாரு தாங்குமான்னு கேட்டா? ஹெட்மாஸ்டரு டாக்டரம்மா பேச்சை ஒத்தி வச்சிட்டாரு. பாதி கெட்டுன பேனரை அவுத்துக்கிட்டு எறங்கினேன். வாசல்ல அண்ணாச்சியப் புடிச்சு, "அண்ணாச்சி, பஸ் ஸ்டாப்புல நிக்கது யாரு மவ?"ன்னு கேட்டுட்டேன். கஸ்டமருட்ட அப்படிப் பேசுனது அதுதான் மொத வாட்டி.

அவருக்குக் கோவமே வரல. தோள்ல கை போட்டுச் சொன்னாரு: "அது விசேஷம் தம்பி. இது அசிங்கம்."

மழை வரட்டும்

ஒரு வாரம் போயி கலா டீச்சர் மறுபடியும் கடைக்கு வந்தாவ. இந்த வாட்டி பேனருக்கு இல்ல. தேவி பள்ளிக்கூடத்துக்கு வரல, பத்து நாளாச்சு. வீட்டுக்குப் போயிக் கேட்டதுக்கு, அந்தப் போர்டை எடுத்தாத்தான் பஸ் ஏறுவேன்னு சொல்லிட்டாளாம். பஸ்ஸுல வார பயலுவ தெனமும் போர்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, இவ ஏறும்போது படிக்கட்டுல நின்னு "வருக வருக"ங்குதானுவளாம். நான் அடிச்ச எழுத்து. பெருமாள் அண்ணாச்சி, "வெக்கம் டீச்சர், தானாச் சரியாயிரும். வராட்டாலும் களத்துல வத்தல் வேலை கெடக்கு"ன்னு சொல்லியிருக்காரு. டீச்சருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பயம். இந்தப் பக்கத்துல வத்தல் வேலைக்குன்னு நின்ன பிள்ளை முழுப் பரிச்சைக்குத் திரும்பி வந்து அவிய பாத்ததில்ல.

நான் முருகேசனுக்குப் போன் போட்டேன். "சடங்கு முடிஞ்சிட்டுல்லா தம்பி, போர்டை எடுத்திரலாமே"ன்னேன். அவனுக்கு அது பெரிய குத்தமாப் போயிட்டு. தாய்மாமன் வச்ச போர்டு, எடுத்தா சொந்தத்துல சண்டைன்னு நெனப்பாவளாம். நானும் அடிக்கடி பாத்திருக்கேன், எங்க பக்கத்துல விசேஷ போர்டை யாரும் எடுக்க மாட்டாவ, அது தானா கிழியணும். பிள்ளை படிப்பு நிக்குதுன்னு சொன்னேன். அதுக்கும் அவன்ட்ட ஒரு வழி இருந்தது.

"மழைக்கு அதுவாக் கிழிஞ்சிரும் அண்ணாச்சி. நாம கை வச்சா சீரு கொறைஞ்சிரும்."

மாசி மாசம், கரிசக்காடு. அடுத்த மழை ஐப்பசியில.

மாமன் வெளுத்த கதை

ரெண்டு நாளு யோசிச்சேன். நியாயம் பேசுதது எடுபடாதுன்னு தெரிஞ்சு போச்சு. மூணாம் நாளு காலையில வண்டிய எடுத்துக்கிட்டு அந்த ஊருக்குப் போயி, முருகேசனை பஸ் ஸ்டாப்புக்கு வரச்சொன்னேன். போர்டுக்கு முன்னால அவனை நிப்பாட்டி, "தம்பி, கடைக்குக் கெட்ட பேரு வருது. மை சரியில்ல போல. வெயில்ல வலதுபக்கம் வெளுத்துக்கிட்டே வருது. ஒங்க மூஞ்சியப் பாருங்க"ன்னேன். நெசத்துல போர்டு நல்லாத்தான் இருந்தது. என் தொழிலை நானே கொறை சொல்லி நிக்கேன்.

அவன் கிட்டக்கப் போயிப் பாத்தான். தள்ளி வந்து பாத்தான். "ஆமா, கன்னத்துல ஒரு மாதிரியா இருக்கு"ன்னான். "ரெண்டு பேரு கேட்டுட்டாவ, மாமனுக்கு மஞ்சக்காமாலையான்னு. இதைக் கெழட்டுங்க, புதுசா அடிச்சுத் தாரேன்"னு சொன்னேன். அவ்வளவுதான். நான் கத்தியத் தேடுததுக்குள்ள அவனே கம்புல ஏறிட்டான். சீரு, சொந்தம், சண்டை ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. அஞ்சே நிமிஷத்துல பத்துக்கு எட்டு கீழ கெடக்கு. ஒரு பிள்ளை பத்து நாளா அழுது எறங்காத போர்டு.

கம்புல இருந்து எறங்கி கையத் தட்டிக்கிட்டே எங்கிட்ட வருத்தப்பட்டான்: "மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா அண்ணாச்சி? இத்தனை நாளு நாலு பேரு பாக்க இப்படியா நின்னிருக்கேன்."

களத்துல நடந்த பாடம்

மறுநாளு தேவி பஸ் ஏறிட்டா. டீச்சர் போன்ல சொன்னாவ. அந்த வாரம் சனிக்கிழமை, அன்னைக்கு என் வண்டியில வந்துட்ட போர்டுக் கம்பைத் திருப்பிக் குடுக்க பெருமாள் அண்ணாச்சி களத்துக்குப் போனேன். அங்கன பிளக்ஸை விரிச்சு வத்தல் காயப் போட்டிருக்காவ. நல்ல சரக்கு, ஏன் வீணாக்கணும்னு அண்ணாச்சி எடுத்துட்டு வந்துட்டாராம். படம் மேல பாக்கக் கெடக்கு. தேவி பலகைய வச்சு அவ மூஞ்சி மேலயே வத்தலைத் தள்ளிப் பரப்பிக்கிட்டு இருக்கா. "அதைத் திருப்பிப் போடுவமா தாயி?"ன்னு கேட்டேன். "நானே திருப்புதேன்"னு சொல்லி, வத்தலைப் பூரா ஒதுக்கி, ஒத்தையா நின்னு மடக்கித் திருப்பினா. வெள்ளை மேல வந்தது.

கொஞ்ச நேரத்துல கலா டீச்சரும் அந்த ஊரு நர்ஸம்மாவும் வந்து எறங்கினாவ. வரச்சொன்னது தேவி அம்மாவாம். அன்னைக்கு என் கடை வாசல்ல நின்னு மக பேசுனதைக் கேட்டவிய, பெறகு சரியாத் தூங்கலன்னு டீச்சர்ட்டச் சொல்லியிருக்காவ. தெருவுல இருந்து இன்னும் அஞ்சு பிள்ளையளும் அதுவ அம்மாமாரும் வந்தாவ. எல்லாரும் அந்த வெள்ளைப் பக்கத்துல உக்காந்தாவ. என்னையும் அண்ணாச்சியையும் வெரட்டி விட்டுட்டாவ. நாங்க ரெண்டு பேரும் களத்துக்கு அந்தப் பக்கம் வேலிக்கருவ நெழல்ல உக்காந்தோம். அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளல. "என்ன சிரிப்பு அங்கன?"ன்னாரு. "பாடம் நடக்கு அண்ணாச்சி"ன்னேன். "பாடத்துக்கு யாரு சிரிப்பா?"ன்னு கேட்டுட்டுக் கழுத்தை நீட்டி எட்டிப் பாத்தாரு. நாப்பது நிமிஷத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அதிகமாக் கேள்வி கேட்டது பிள்ளையளு இல்ல, அம்மாமாருன்னு டீச்சர் பெறகு சொன்னாவ.

மைனி, அதான் தேவி அம்மா, எங்களுக்கு மோரு கொண்டு வந்தாவ. அண்ணாச்சி செம்பை வாங்காம, "இதைத் தாங்குததுக்கு அந்தப் பிள்ளைக்கு மனசு தயாரா இருக்கான்னு பாத்தியா?"ன்னு கேட்டாரு. மைனி செம்பைக் கீழ வச்சாவ. சத்தம் கூடல. "பத்தொம்பது வயசுல என்னைய ஒங்க வீட்டுக்கு அனுப்புனாவளே, அன்னைக்கு எனக்குத் தயாரா இருக்கான்னு யாரு பாத்தா? ஒண்ணுமே தெரியாமத்தான் வந்தேன். அவளாவது தெரிஞ்சுக்கிடட்டும், மோரைக் குடிங்க."

அண்ணாச்சி குடிச்சாரு. பள்ளிக்கூடத்துல அந்தப் பேச்சு இன்னும் ஒத்தி வச்சபடிதான் இருக்கு, 'நலம் பற்றிய நல்லுரை' என் கடை மூலையில சுருட்டிக் கெடக்கு. முருகேசன் வாரத்துக்கு ஒரு வாட்டி போன் போட்டு புதுப் போர்டு என்னாச்சுன்னு கேக்கான், மிஷின் ரிப்பேருன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இத்தனை சடங்குக்குப் போர்டு அடிச்சவன் கணக்குல சொல்லுதேன், பிள்ளை வயசுக்கு வந்ததை ஊருக்கெல்லாம் சொல்லுத நம்ம வாயி, பக்கத்துல உக்காந்து அந்தப் பிள்ளைட்டச் சொல்லுத வயசுக்கு இன்னும் வரல.